பீரோவுக்குக் காவல் இருந்தவர்

நாடக நண்பர்கள் சங்கத்தின் ஆண்டு மலரில் பதினான்காம் பக்கம், வலது மூலை. புகைப்படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது: “இளமை முதலே நாடகக் கலையின்பால் தணியாத தாகம் கொண்ட இவ்வம்மையார், தமது இல்லத்து அரும்பொருள்களை மனமுவந்து மேடைக்கு ஈந்து, பலன் கருதாமல், ஓசையின்றித் தொண்டாற்றிவரும் கலைப் புரவலர்.”

எழுதியவர் சங்கச் செயலாளர். மருந்துக்கடைக்காரர், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் கடையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துப் பழகியவர். அம்மையாருக்கு நாடகம் பிடிக்காது. இளமையிலும் பிடித்ததில்லை. எதையும் அவர் மனமுவந்து கொடுத்ததில்லை. ஓசையைப் பற்றி அரங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புகைப்படம் மட்டும் அவருடையதுதான். அதிலும் பாதியை ஒரு நாற்காலி மறைக்கிறது.

பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு வேலை. காத்திருக்கும் ஏழு பேரில் ஒருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நீங்க உள்ள போங்க” என்று சொல்லத் தெரிந்தவர். அதில் ஒரு கலை உண்டு. சத்தமாகச் சொன்னால் மற்ற ஆறு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

கணவர் நில அளவையர். ஊரார் வேலியை ஒரு விரற்கடை பிசகாமல் அளந்து கொடுப்பவர், ஏலத்தில் கை தூக்கும்போது மட்டும் தன் வீட்டுக் கூடத்தின் அகலத்தை மறந்துவிடுவார். மூடிய விடுதி, பாகம் பிரிந்த குடும்பம், இடிபடப் போகிற அலுவலகம் என்று எங்கே ஏலம் நடந்தாலும் ஏதோ ஒன்று நான்கு கால்களோடு வீடு வந்து சேரும். சமையலறைக்குப் பக்கவாட்டில் நடந்துதான் போக முடியும். மகள் கல்யாணமாகிப் போனதும் எல்லா அப்பாக்களையும் போல அவரும் காலியான அறையைப் பார்த்துக் கண் கலங்கினார்; மறுவாரம் அங்கே கண்ணாடி வைத்த ஒரு மரபீரோ நின்றது.

இந்த நிலையில்தான் மருந்துக்கடைக்காரர் வந்து கேட்டார், சங்கம் ஆதரித்துவந்த நாடகக் கம்பெனிக்கு ஒரு சோபா இரவல் கிடைக்குமா என்று. மாதச் சம்பளத்துக்கு நடிகர்களை வைத்து வருடத்துக்கு நான்கு நாடகம் போடுகிற கம்பெனி அது. நடிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊராரிடம் இரவல் வாங்கும். சில வருடங்களில் நடிப்பையும் வாங்கியிருக்கலாம்.

“எத்தனை நாளைக்கு வேணும்?”

“ஒரு மாசம் போதும்க்கா.”

“ஒரு வருஷம் வச்சுக்கோங்க. பக்கத்துல ரெண்டு நாற்காலி இருக்கு, அதையும் தூக்குங்க. இவர் அதுமேல உட்கார்ந்திருந்தா எழுப்பாதீங்க. சேத்தே தூக்குங்க.”

முதல் காட்சிக்கு இலவச டிக்கெட் வந்தது. அம்மையார் வேண்டாவெறுப்பாகப் போனார். திரை விலகிய பத்தாவது நிமிடம் கதாநாயகன் செருப்புக் காலோடு சோபாவில் ஏறிப் படுத்தார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

“காலை எடுங்க!”

கதாநாயகன் எடுத்துவிட்டார். அரங்கம் கைதட்டியது. வீட்டில் கிடந்தவரையில் சனியனாக இருந்த சோபா, மேடை ஏறியதும் பெற்ற பிள்ளையாகிவிட்டது. மறுநாளே அவர் ஒரு வெள்ளைத்தாளில் நிபந்தனை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார்: பொருள் எங்கேயோ அங்கே நானும். அதில் கம்பெனி இயக்குநர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம். நாடகப் பிரதிகளையும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு.

ஒன்பது வருடமாக அந்த நிபந்தனை அமலில் இருந்தது; சோபாவுக்குப் பின்னாலேயே மேசை, கட்டில் என்று வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக மேடை ஏறின. ஆஸ்பத்திரி முடிந்ததும் மாலையில் நேரே அரங்கம். ஒத்திகையானாலும் காட்சியானாலும் மூன்றாவது வரிசை, மடியில் ஒரு மஞ்சள் துடைப்புத்துணி. கம்பெனியில் அவருக்கு ‘பீரோ அக்கா’ என்று பேர் விழுந்தது. முப்பத்தைந்து நாடகங்களைத் தலை முதல் கால் வரை பார்த்தார். ஒன்றுகூட நினைவில் நிற்கக் கூடாது என்பதே அவர் விருப்பம். விருப்பம் யாரைக் கேட்கிறது? பிடிக்காத பாட்டுதானே வாயில் ஒட்டிக்கொள்ளும்.

சோபாவில் கால் வைத்த அந்தக் கதாநாயகனைக் கம்பெனியில் ‘இடி’ என்பார்கள். வயது அறுபத்தேழு. முப்பத்தொரு வருடமாக அதே கம்பெனி. அரங்கத்துக்குப் பின்னால் மாடியில் கம்பெனி கொடுத்த ஒரு அறைதான் வீடு. வசனம் மறந்தால் மற்ற நடிகர்கள் விழிப்பார்கள். இடி அடிப்பார். மேசையோ நாற்காலியோ, கைக்கு எட்டியதில் ஓங்கி ஒரு அடி. அடித்த அதிர்ச்சியில் வசனம் வந்துவிடும், பழைய ரேடியோ தட்டினால் பாடுகிற மாதிரி. பார்வையாளர்கள் அதை உணர்ச்சி என்று நம்பினார்கள். விமர்சகர்கள் ‘கட்டுக்கடங்காத ஆவேசம்’ என்று எழுதினார்கள். அது வெறும் மறதி என்பது ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அடி வாங்கிய மேசை அவருடையது.

ஒன்பது வருடப் பகை அது. “வந்தாச்சா, காவல் தெய்வம்?” என்பார் இடி. “வந்தாச்சு. கையைக் கட்டிட்டு நடிங்க” என்பார் அக்கா.

பத்தாவது வருடத்தில் அந்த மரபீரோ மேடை ஏறியது. வீட்டை விற்றுவிட்ட ஒரு கிழட்டு வியாபாரி, வீட்டை வாங்கியவனோடு கடைசி நாளில் மல்லுக்கு நிற்கும் கதை. மேடை நடுவே பீரோ. கடைசிவரை அதை யாரும் திறப்பதில்லை. அது ‘திறக்கப்படாத உண்மை’ என்றார் இயக்குநர். இரண்டாவது அங்கத்தில் வீட்டை வாங்கியவன் வாய் திறக்காமல் நின்று கேட்க, அந்த உண்மைக்கு முன்னால் இடி பதினொரு நிமிடம் தனியாகப் பேச வேண்டும்.

முதல் காட்சியில் நான்காவது நிமிடத்தில் நின்றுபோனார். பீரோவுக்கு ஒரு குத்து விட்டார். கண்ணாடியில் கோணலாக ஒரு கீறல் விழுந்தது, வசனம் விழவில்லை. இரண்டாவது காட்சியில் குத்தாமலே மூன்று பக்கத்தைத் தாண்டிக் குதித்தார். நாடகம் பன்னிரண்டு நிமிடம் முன்னதாக முடிந்தது. வியாபாரி ஏன் நொடித்துப்போனார் என்பது தெரியாமலே ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள். யாரும் குறை சொல்லவில்லை. முன்னதாக முடிந்ததில் சிலருக்குச் சந்தோஷம்.

இயக்குநருக்குச் சந்தோஷமில்லை. மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் ஆளை அவர் கொள்கைப்படி எப்போதோ ஒழித்திருந்தார். ஊன்றுகோல் கொடுத்தால் நடிகன் நொண்டியாகிவிடுவான் என்பது அவர் கட்சி. மறுநாள் ஆஸ்பத்திரிக்கே போன் செய்தார்.

“அக்கா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. இன்னிக்கு ஒருதரம் மறந்தார்னா, நாளைலேர்ந்து அந்த வேஷம் வேற ஆளுக்கு. கம்பெனிலேர்ந்தே அனுப்பிடப் போறேன். மாடி அறையையும் காலி பண்ணச் சொல்லணும். இனிமே உங்க பீரோ பத்திரம்.”

“அவர்கிட்ட சொல்லியாச்சா?”

“சொல்லிட்டேன். தலையை ஆட்டினார். அடிக்கக்கூட இல்ல.”

அக்காவுக்கு வேண்டியது தட்டில் வைத்து நீட்டப்பட்டது. ஒன்பது வருடமாக அவர் கேட்டதெல்லாம் இதுதானே? அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் கைப்பையில் துடைப்புத்துணியோடு ஒரு திருப்புளியும் இருந்தது. பீரோவின் முதுகுப் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருப்பதை முந்தின நாளே பார்த்துவிட்டு, தூக்கம் வராமல் கிடந்தவர் அவர். அதைத் தன் கையாலேயே மாட்டிவிடுவது என்று முடிவு.

பீரோவுக்குப் பின்னால் போனால், இருட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார் இடி. மடியில் கைப்பிரதி.

“யாரு?”

“பீரோவோட சொந்தக்காரி.”

“இன்னிக்கு நான் இன்னும் அடிக்கலையே.”

“முதுகை யார் கழட்டினது?”

“தூக்க முடியலையாம். உங்க வீட்டுக்காரர் ஏலத்துல எடுத்தது பீரோவா, கப்பலா?”

“கப்பல்னா தண்ணிலயாவது விட்டிருப்பேன். எந்திரிங்க, பலகையை மாட்டணும்.”

அவர் எழுந்திருக்கவில்லை. அக்கா திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எந்த இடம் மறக்குது?”

“எதுவும் மறக்கல.”

“என் மேசை வாங்கின அடியையெல்லாம் எண்ணி வச்சிருக்கேன் சார். என்கிட்டயா?”

இடி பிரதியை மூடினார். “படிச்சா இருக்கு. நின்னா இல்ல. ‘இந்த வீட்டை நான் கட்டினப்போ இங்க ஒரு மரம்கூட கிடையாது’ன்னு ஆரம்பிப்பேன். அப்புறம் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு, ஒண்ணுமே இல்ல. டாக்டரைப் பாத்தேன். வயசாச்சுன்னார். அதைச் சொல்றதுக்கு ஒரு டாக்டர்!”

“வேற வேலை?”

“எனக்கா? சொந்தக் குரல்ல ஒரு காப்பி கேட்கக்கூடத் தெரியாதும்மா எனக்கு.”

“‘செங்கல் சுமந்தவன் கூலியை வாங்கிட்டுப் போயிட்டான், நான் போகலை’” என்றார் அக்கா.

“என்னது?”

“மரத்துக்கு அடுத்த வரி. அதுக்கடுத்து தம்பி ஏமாத்தின கதை. அப்புறம் கிணறு. கிணறு வேண்டவே வேண்டாம், இருந்தாலும் எழுதி வச்சிருக்காங்க.”

இடி வாயைத் திறந்தார். சொல் வரவில்லை, வாய் மட்டும் திறந்தபடி நின்றது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கண்ணால் கெஞ்சுகிற மனிதர்களை அக்கா இருபத்திரண்டு வருடமாகப் பார்த்து வருகிறார். அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்தில் நின்று, “இதோ ஆயிடுச்சு, ஆயிடுச்சு” என்று சொல்வது.

திருப்புளி கைப்பைக்குள் போனது.

“முக்காலி ஒண்ணு கிடைக்குமா?”

“எதுக்கு?”

“உள்ள நின்னுட்டே இருந்தா முட்டி வலிக்கும்.”

இடிக்குப் புரியச் சற்று நேரமானது. “அந்தாளுக்குத் தெரிஞ்சா உங்க சாமான் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுவார்.”

“அதுதான் எனக்கும் பயம். அப்புறம் நான் வீட்டுல எப்படி நடக்குறது? தோ பாருங்க, உங்களுக்காக ஒண்ணும் பண்ணல. கண்ணாடி ஏற்கெனவே கீறியிருக்கு. இன்னொரு குத்து தாங்காது.”

ஆறரைக்குத் திரை விலகியது. மூன்றாவது வரிசையில் துடைப்புத்துணியோடு உட்கார்ந்திருந்தவர் நில அளவையர். மனைவி போனில் கட்டளையிட்டு வரவழைத்திருந்தார். பீரோவுக்குள் அந்துருண்டை வாசனைக்கு நடுவே, சாவித் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அக்கா.

இரண்டாவது அங்கம். மரம் வந்தது. பிறகு சுவர் வந்தது. இடி நின்றார்.

“செங்கல் சுமந்தவன்” என்றது பீரோ, ஏழு பேரில் ஒருவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“செங்கல் சுமந்தவன்!” என்று முழங்கினார் இடி.

அப்படியே தம்பி ஏமாற்றினான். வேண்டாத கிணறும் வந்தது. நான்கு இடத்தில் நின்றார், நான்கு இடத்திலும் பீரோ நகர்த்திவிட்டது. ஐந்தாவதில் பழைய வழக்கம் தலைதூக்கியது. கை தானாக மேலே போனது. சாவித் துவாரம் முழுவதையும் ஒரு முஷ்டி அடைத்தது.

“கையை எடுங்க!” என்றது பீரோ, கொஞ்சம் பதற்றமாக.

பீரோ சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிப் பழகிவிட்டிருந்த இடி, வீட்டை வாங்கியவன் பக்கம் திரும்பிக் கர்ஜித்தார்: “கையை எடுங்க!”

வாங்கியவன் வேஷக்காரர் சும்மா கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தார். அரண்டுபோய் வெளியே எடுத்தார்.

“இது இன்னும் என் வீடு” என்று பீரோ அவசரமாகச் சரியான வரியைக் கொடுத்தது.

“இது இன்னும் என் வீடு!”

அரங்கம் எழுந்து நின்றது. எழுதியவர்கூட நினைக்காத இடத்தில் நாடகம் உச்சத்தைத் தொட்டுவிட்டது.

காட்சி முடிந்ததும் இயக்குநர் பின்பக்கம் ஓடி வந்தார். பீரோவிலிருந்து ஒருவர் முதுகைக் காட்டியபடி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா! உள்ள என்ன பண்றீங்க?”

“பொருள் எங்கேயோ அங்க நான். நீங்க கையெழுத்துப் போட்டது, வீட்டுல இருக்கு. கொண்டாரவா?”

“அது இல்லக்கா, என் கொள்கை...”

“உங்க கொள்கையை நான் தொடல. எங்க பீரோவுக்குள்ள நான் பேசிட்டிருந்தேன். அவருக்குக் காது நல்லா கேட்குது, அவ்வளவுதான். இன்னிக்கு நின்னாரா, சொல்லுங்க?”

இயக்குநர் யோசித்தார். “நிக்கலை.”

“அப்ப மாடி அறை?”

“இருக்கட்டும்” என்றார், பீரோவைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை விமர்சனம் வந்தது. பீரோவின் உள்ளிருந்து தெளிவில்லாமல் எழும் முணுமுணுப்பு, ஒரு தலைமுறையின் மனசாட்சியாக ஒலிப்பதாக விமர்சகர் எழுதியிருந்தார். அதற்கடுத்த காட்சியிலிருந்து துண்டுப் பிரசுரத்தில் ஒரு வரி சேர்ந்தது: ‘பீரோவின் குரல்: இயக்குநரின் கற்பனை.’

“கற்பனைக்கு முட்டி வலிக்குதுன்னு அவர்கிட்ட சொல்லு” என்றார் கணவர். அவர் அதற்குள் ஒரு ஏலத்தில் இன்னொரு பீரோ பார்த்து வைத்திருந்தார். அது கம்பெனிக்குத்தானாம்.

இடியும் அக்காவும் நண்பர்களாகிவிடவில்லை. கடைசிக் காட்சி முடிந்த அன்றும் அவர் தேநீர்க் கோப்பையைத் தட்டில்லாமல் மேசைமேல் வைத்தார், இவர் கத்தினார். மாடி அறையில் இப்போதும் விளக்கு எரிகிறது.

இந்த வருட மலருக்கு வாசகத்தை மாற்ற வேண்டுமா என்று மருந்துக்கடைக்காரர் போனில் கேட்டார். தப்பெல்லாம் அப்படியே இருக்கட்டும், அந்த நாற்காலியை மட்டும் நகர்த்திவிட்டு வேறு படம் எடுங்கள் என்றார் அக்கா. ஆகவே பதினான்காம் பக்கத்தில் வராதது இது: அந்த நாடகம் இருபத்தெட்டுக் காட்சி நடந்தது. இருபத்தாறு காட்சிகளில் அவர் பீரோவுக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தனக்குப் பிடிக்காத ஒரு நடிகருக்கு, தனக்குப் பிடிக்காத ஒரு நாடகத்தின் வசனத்தை எடுத்துக் கொடுத்தார்.