செவ்வாய் மண்ணை நான் வறுத்த கதை

வெடித்துக் கிடந்த வயலில் புதுத்தண்ணீர் ஏறும்போது 'சொய்ங்'கென்று ஒரு சத்தம் வரும். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்க இறங்க உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாக மேலே வந்து உடையும். சூடும் ஈரமும் கலந்த ஒரு வாசனை முட்டி உயரத்துக்கு எழும்பி நிற்கும். மேட்டூரில் திறந்த தண்ணீர் திருத்துறைப்பூண்டிக்கும் தெற்கே இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் மேலே உள்ள ஊர்க்காரர்கள் நடவையே முடித்திருப்பார்கள். நாங்கள் 'கடைமடை', அதாவது ஆறு எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம். ஆனால் அந்தச் சத்தம் கேட்ட மறுநாளே, நேற்றுவரை மண்வெட்டி இறங்காத தரையிலிருந்து தவளைகள் கத்தத் தொடங்கிவிடும். இத்தனை தவளையும் இத்தனை மாதம் எங்கே இருந்தன, எதைத் தின்றன என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. காய்ந்து கிடக்கிறது என்பதற்காக எந்த மண்ணையும் செத்துப்போனதாக எங்கள் ஊரில் சொல்ல மாட்டார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பூமிக்கு வெளியே, நம் சூரியனைச் சுற்றுகிற மற்ற இடங்களில் உயிர் உண்டா என்று இப்போது டி.வி.யில் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் ஐந்தாம் வகுப்பு. அதுவும் பரீட்சை எழுதாத ஐந்தாம் வகுப்பு. இன்றைக்கு மூன்று அறுவடை மிஷினும் ஒரு அரிசி ஆலையும் எனக்கு இருக்கின்றன, என்ஜினீயருக்குப் படித்த இரண்டு பிள்ளைகள் என்னிடம் லீவு கேட்டு நிற்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். செவ்வாய் மண்ணில் உயிர் இருக்கிறதா என்கிற ஆராய்ச்சியைப் பதினோரு வயதில் எங்கள் வீட்டுக் கொல்லையில் செய்தவன் நான். செய்யாமல் இருக்க முடியவில்லை. என் அக்காவின் கல்யாணம் அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

அக்காவின் பெயர் தையல்நாயகி. அவள் ஜாதகத்தில் 'செவ்வாய் தோஷம்'. வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய்ப் போய் எங்கள் அம்மாவுக்கு அந்த ஊர்க் கடைக்காரர்கள் எல்லாம் பழக்கமாகிவிட்டார்கள், தோஷம் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்தவர்கள், ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனதோடு சரி. மூன்றாவதாக வந்தவர் செல்வராசு, வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமம், ஆயில் என்ஜின் மெக்கானிக். எங்கள் ஊர்ப் பண்ணையில் என்ஜின் ரிப்பேருக்கு வந்தவர் அக்காவைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்த என்ஜின் மாதத்துக்கு இரண்டு தடவை ரிப்பேராகத் தொடங்கியது. அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. என்ஜின் சத்தம் நின்றால் போதும், அவளுக்கு வாசலில் ஏதாவது வேலை வந்துவிடும்.

குறுக்கே நின்றது செல்வராசுவின் அப்பா கோவிந்தராசு. செவ்வாய் உள்ள பெண்ணைக் கட்டினால் புருஷன் உயிருக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லியிருந்தார். கோவிந்தராசுவுக்கோ ஒரே பிள்ளை. கெட்ட மனிதர் இல்லை. வேண்டாம் என்பதைத் தரகரிடம் சொல்லி அனுப்பாமல் தானே பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். ஆடியில் நல்ல பேச்சு பேசக்கூடாது, ஆகவே இல்லை என்று சொல்வதற்கு ஆடிதான் தோதான மாதம் என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். எங்கள் வீட்டு மோரைக் குடித்துவிட்டு, "நல்ல பொண்ணு. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, அந்த ஒண்ணத் தவிர" என்றார். அக்கா தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

சாயங்கால பஸ்ஸுக்கு அவரை அப்பா அழைத்துப் போக, நானும் ஒட்டிக்கொண்டு போனேன். பஸ் நிற்கிற இடத்தில்தான் பஞ்சாயத்து ரேடியோ அறை. அதன் கூரையில் இருந்த ஒலிபெருக்கிக் குழாய் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. அமெரிக்காக்காரன் விட்ட மிஷின் ஒன்று செவ்வாயில் போய் இறங்கி நிற்கிறதாம். பார்த்த இடமெல்லாம் சிவப்பு மண்ணும் கல்லுமாகக் கிடக்கிறதாம். அந்த மண்ணை அள்ளி, நனைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறதாம்.

நான் சும்மா இருக்கவில்லை.

"ஏன் மாமா, அங்க யாருமே இல்லன்னு ஆயிட்டா, எங்க அக்காவுக்குத் தோஷத்த யாரு குடுக்குறா?"

அப்பா என் மண்டையில் ஒன்று வைத்தார். ஆனால் கோவிந்தராசுவின் காது வேறு இடத்தில் இருந்தது. அவர் விதைநெல் விஷயத்தில் பேர்போனவர். யார் விதை கொடுத்தாலும் ஒரு பிடியை ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டு, முளையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாற்றங்காலில் போடுவார். கூடப்பிறந்த தம்பி கொடுத்த விதையையும் முடிந்து பார்த்ததில் அந்தத் தம்பி ஒரு போகம் முழுக்கப் பேசவில்லை என்று செல்வராசு சொல்லியிருக்கிறார்.

"நனைச்சா பாக்குறான்?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா மாமா. நனைச்சுத்தான்."

"அப்ப வெவரமான ஆளுதான். நனைச்சுப் பாக்காம எதையும் செத்துச்சுன்னு சொல்லக்கூடாது." அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஏங்க, ஆடி போவட்டும். அந்த மிஷினு என்ன சொல்லுதுன்னு பாப்பம். ஒண்ணும் மொளைக்கலன்னா அப்பறம் நான் சொல்றதுக்கும் ஒண்ணுமில்ல."

இப்படியாக என் அக்காவின் கல்யாணம் செவ்வாய் கிரகத்தில் போய் நின்றது.

அந்த ஆடி முழுக்க எங்கள் தெருவே ரேடியோவுக்குக் கீழே நின்றது. தண்ணீர் வந்துவிட்ட மேலூர்களுக்கு நடவுக்குப் போன இடத்தில் பெண்கள் அக்காவைச் சும்மா விடவில்லை. "என்னடி தையலு, ஒன் மாமியா வூட்டுல இன்னும் மொளைக்கலையாமே" என்று பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை கேட்க, வரிசையே குனிந்தபடி சிரிக்கும். ரேடியோவோ ஒரு நாள் உயிர் இருப்பது மாதிரி தெரிகிறது என்றது. இன்னொரு நாள் அது மண்ணில் உள்ள ரசாயனம் செய்கிற வேலையாக இருக்கலாம் என்றது. அனுப்பியவர்களுக்குள்ளேயே சண்டையாம். அத்தனை தூரம் மிஷினை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, முளைத்ததா முளைக்கவில்லையா என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. ஆடி முடியப் பத்து நாள்கூட இல்லை.

அப்போதுதான் செல்வராசு சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கோடு வந்து இறங்கினார்.

"எங்கப்பா ரேடியோவ நம்ப மாட்டாரு, கண்ணால பாக்கணும்" என்றார் என்னிடம். "இது எங்க மேட்டுக்கொல்லை மண்ணு, மாசக்கணக்கா வெயில்ல காஞ்சது. அதுவும் செவப்பு, இதுவும் செவப்பு. ஒரு வாரம் நனைச்சு வையி, ஒண்ணும் மொளைக்காது. ஆவணி மொத நாளு அவர அழைச்சாறேன். கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. செம்மண்ணு எங்க கெடந்தாலும் செம்மண்ணுதானாம்."

என்ஜின்காரருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? மேட்டுக்கொல்லை மண்ணில் கோரைக்கிழங்கும் புல்விதையும் இல்லாமல் இருக்குமா? எனக்கு அந்த வயதிலேயே வியாபார மூளை. அம்மா நடவுக்குப் போனதும் அரிசி வறுக்கிற ஓட்டுச்சட்டியை எடுத்து அடுப்பில் வைத்து, அந்த மண் முழுவதையும் பிடி பிடியாகப் போட்டு வறுத்தெடுத்தேன். வறுத்த விதை முளைக்காது என்பது எவனுக்கும் தெரியும். பாதி வறுத்துக்கொண்டிருக்கும்போது அக்கா வந்தாள். என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து விறகை உள்ளே தள்ளிவிட்டாள்.

பூமியிலிருந்து கிருமி ஏதும் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அந்த மிஷினையும் அனுப்புமுன் சூட்டில் வைத்துத்தான் எடுத்தார்கள் என்று பல வருஷம் கழித்து என் மகன் படித்துச் சொன்னான். அவர்களும் நானும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறோம். ஒரே ஒரு இடத்தில்தான் நான் சறுக்கினேன். மண்ணை வறுத்தவன், தண்ணீரை யோசிக்கவில்லை. அந்த வாரம்தான் வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரையும் குப்பையுமாக வந்து சேர்ந்திருந்தது. நல்ல காரியத்துக்குப் புதுத்தண்ணீர்தான் விசேஷம் என்று ஒரு செம்பு மொண்டு வந்து ஊற்றி, வாயகன்ற சட்டியை வெள்ளைத்துணியால் கட்டிக் கொல்லையில் வைத்தேன்.

ஆவணி முதல் நாள் கோவிந்தராசு மகனோடு வந்தார். தெருவில் பாதிப் பேர் கொல்லையில் கூடிவிட்டார்கள். துணியை அவரே அவிழ்த்தார்.

சட்டிக்குள் பச்சைப் பாசி நூல் நூலாக ஓடியிருந்தது. ஓரத்தில் ஒரு முளை இரண்டு இலை விட்டு நின்றது. நடுவில் நான்கு தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு சுற்றின.

எல்லாரும் சட்டியைச் சுற்றிக் குனிந்தார்கள். பிறகு பாக்கியம் அத்தை, "செவ்வாயில புள்ளகுட்டியோடல்ல இருக்காங்க" என்றாள். செல்வராசு தலையில் கைவைத்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். கோவிந்தராசு அடியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முகர்ந்தார்.

"இது வறுத்த மண்ணு. யாரு வறுத்தது?"

எனக்கு ஓடுவதற்குக் கால் வந்துவிட்டது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இவன் வறுத்தான், நான் அடுப்பெரிச்சேன் மாமா. தப்புதான். ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. தீயில போட்ட மண்ணு, ஒரு செம்புத் தண்ணி ஊத்துனதும் உசுரு வந்து நிக்கிது. அங்கயும் அப்படி எவனாச்சும் இருந்தான்னா, காஞ்ச மண்ணுக்குள்ள சுருண்டுக்கிட்டு, தண்ணி எப்ப வரும், எப்ப வரும்னு கெடக்குறவனாத்தான இருப்பான்? எங்களுக்கும் கீழ ஒரு கடைமடை. அவன் பொழப்பே அவனுக்குப் பெரும்பாடா இருக்கயில, ஒங்க மவனத் தேடி வந்து கெடுக்க அவனுக்கு ஏது மாமா நேரம்?"

கோவிந்தராசு சட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மழையை நம்பி மேட்டுக்கொல்லை வைத்திருக்கிற மனிதர். எத்தனை வருஷம் வானத்தைப் பார்த்து நின்றிருப்பாரோ. அந்தத் தலைப்பிரட்டைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டிய நெழல்ல வையிங்க. வெயிலுக்குத் தாங்காது" என்றார்.

அதுதான் சம்மதம் என்று அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. சம்மதித்தாரே தவிர பயம் போகவில்லை. முதல் வருஷம் முழுக்க விடியற்காலையில் எழுந்து வந்து, மகன் மூக்குக்கு எதிரே விரலை வைத்துப் பார்ப்பாராம். அத்தானுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. செவ்வாயால் அவருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் பேச்சால் ஏதாவது ஆகியிருந்தால்தான் உண்டு.

பஞ்சாயத்து ரேடியோ அறை இருந்த இடத்தில் இன்று செல்போன் டவர் நிற்கிறது. செவ்வாய்க்கு இன்னமும் மிஷின் போய்க்கொண்டுதான் இருக்கிறது, முடிவாக ஒரு வார்த்தை இன்னமும் வரவில்லை. வியாழனையும் சனியையும் சுற்றுகிற நிலாக்களில் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் கிடக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். கிடக்கட்டும், அவர்கள் பார்த்துச் சொல்லும்போது சொல்லட்டும்.

எனக்கு வருத்தம் வேறு. போன மாதம் அக்காவின் பேத்திக்கு ஒரு வரன் வந்தது. பிறந்த நேரத்தை அவர்கள் போனில் தட்டினார்கள், செவ்வாய் இருப்பதாகப் போன் சொல்லிவிட்டது, அடுத்த நிமிஷம் ஒரே வரியில் மெசேஜ்: பொருத்தம் இல்லை. வீடு தேடி வந்து, முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்கிற மனிதர்கள் இல்லாமல் போய்விட்டார்கள். ஒருவர் வந்து சொன்னால்தானே நாமும் பதிலுக்கு ஒன்று சொல்லலாம். பேத்தி சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். அக்காவுக்குத்தான் ஆறவில்லை. "நீ பேசுடா தம்பி, ஒனக்குத்தான் எல்லாந் தெரியுமே" என்றாள்.

நான் விடுகிற ஆளா? மாப்பிள்ளையின் அப்பா நம்பரை வாங்கிப் போட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார் வணக்கம், செவ்வாய்ல இருக்குற மண்ணப் பத்தி ஒங்ககிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்" என்று ஆரம்பித்தேன்.

அவர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்: "எங்களுக்கு இப்போதைக்கு பிளாட் வாங்குற ஐடியா இல்லீங்க சார்."