வாயில் வராத ஆமென்

என் வாய் பொல்லாதது. மீன் விற்க வருகிறவளில் தொடங்கி சபைப் போதகர் வரைக்கும் இரணியலில் நான் சண்டை போடாத ஆள் கிடையாது. பதினைந்து வயதில் என் ஒரே மகளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. அன்றிலிருந்து ஆண்டவரோடும் சண்டைதான்.

சபையிலிருந்து பார்க்க வந்த ஒருத்தி, "ஒனக்கு விசுவாசம் பத்தாது" என்றாள். "ஒங்கிட்ட கூடுதல் இருந்தா கொஞ்சம் வச்சிட்டுப் போ" என்றேன். சாயாகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

ஆனாலும் சாயங்கால ஜெபத்தை நாங்கள் விட்டதில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளைகள்தான் முதலில் ஜெபிப்பார்கள். முடித்ததும் மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம்.

அன்று டயாலிசிஸ் முடிந்து மகள் நாகர்கோவிலிலிருந்து துவண்டுபோய் வந்திருந்தாள். "இன்னைக்கு ஜெபம் வேண்டாம் மக்கா, படு" என்றேன். கேட்கவில்லை. முழங்காலில் நின்றுவிட்டாள்.

கூடப் படித்தவர்களின் பரீட்சைக்காக ஜெபித்தாள். அப்பாவின் இடுப்புவலிக்காக ஜெபித்தாள். எப்போதும் முதலில் கேட்கிற தன் சுகத்தை மட்டும் கேட்கவே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன்.

"ஆண்டவரே, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்கம்மை உம்மகிட்டப் பேசாம இருந்திரக் கூடாது. சண்டை போட்டாலும் பரவாயில்ல, பேசணும். அவளுக்கு வேற ஆருகிட்டயும் அழத் தெரியாது."

என் வீட்டுக்காரர் ஆமென் என்றார். அவர் குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு எப்படி வாய் வந்தது? எதை அப்படியே ஆகட்டும் என்கிறார்?

"அம்மா, சொல்லு."

"என்ன ஜெபம் ஏட்டி இது? சொல்ல மாட்டேன். எழும்பு."

"நீ சொல்லாம எழும்ப மாட்டேன்."

கண்ணைத் திறக்காமல் அப்படியே நின்றாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கை கூப்பியபடி இருந்தது. பிடிவாதத்தில் அவள் என் மகள்தான். நானும் அசையவில்லை. வீட்டுக்காரரின் விசும்பல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"முட்டு வலிக்கும்மா" என்றாள்.

பிள்ளைக்கு முழங்கால் வலிக்கிறதே என்றுதான் சொன்னேன், ஆமென்.