சாம்பியனின் பெல்ட்

கிளிஞ்சல்மேட்டில் என் அக்கா வீட்டுக்காரரின் விசைப்படகில், அவர் சிறுவயது முதல் டிவியில் பார்த்துவந்த மல்யுத்த சாம்பியனின் படம் இருந்தது. இடுப்பில் தங்க பெல்ட். சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில், படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் நேரத்தில், சாம்பியன் கடைசி ஆட்டத்தில் தோற்று ஓய்வு பெற்றார். அன்று மச்சான் சரியாகச் சாப்பிடவில்லை.

“தோத்தவன் படத்தோட கடலுக்குப் போவக் கூடாதுங்க. அழிச்சிட்டு சாமி படம் போடுங்க” என்றாள் அக்கா.

“சாமி படம் போட்ட படகெல்லாம் வெறும் வலையோட வந்ததே இல்லியா?” என்றார் மச்சான்.

பெயிண்டர் பிரஷ்ஷுடன் காத்திருந்தார்.

“அப்ப பெல்ட்டயாவது எடுங்க. அது இப்ப வேற ஆளுகிட்டல்ல இருக்கு” என்றாள் அக்கா.

அதற்கு மச்சான் சம்மதித்தார். தடை முடிந்து படகு கடலுக்குக் கிளம்பியபோது, சாம்பியன் நீலக் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தார்.