அண்ணன்தான் என் ஜோடி

ஐஸுக்கு வாசனை கிடையாது என்பார்கள், என்னைக் கேட்டால் உண்டு. ஈர ரப்பர் விரிப்பும், வியர்த்த காலுறையும், மேல்மாடியில் கோழி பொரிக்கும் எண்ணெயும் கலந்து, செபராங் ஜெயா பக்கம் ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் அடித்த அந்தக் குளிர்வாசனையில்தான் நானும் சேவியர் அண்ணனும் வளர்ந்தோம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே நாங்கள் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டிருப்போம்.

எங்களுடையது சறுக்குகிற குடும்பம். ஜார்ஜ் டவுனில் சக்கரக் காலணி ஓட்டும் இடத்தில் பார்த்துப் பழகித்தான் அப்பாவும் அம்மாவும் கல்யாணமே செய்துகொண்டார்கள். பிறகு அந்த வளாகத்தில் ஐஸ் தளம் திறந்ததும் அம்மா பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க, அப்பா தேய்ந்த ஐஸைச் சீவித் தண்ணீர் விட்டுச் சமன்செய்யும் வண்டியை ஓட்டினார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு பினாங்குத் தீவில் எங்கள் வீடு இருந்த டத்தோ கிராமாட்டிலிருந்து பாலம் தாண்டி, "காடி" என்று நாங்கள் சொல்லும் ஒரே காரில் நால்வரும் கிளம்பிவிடுவோம்.

ஐஸ் டான்ஸைத் தனியாக ஆட முடியாது. ஆணும் பெண்ணும் கைகோத்து, பாட்டோடு இழைந்து, கால் நுணுக்கத்தாலேயே ஆடவேண்டும். பினாங்கில் அதற்குப் பையன் எங்கே கிடைப்பான்? அம்மா அண்ணனையே எனக்கு ஜோடியாக்கினார். எனக்கு அதுதான் உயிர், அவனுக்கோ மானப் பிரச்சினை. பள்ளியில் பையன்கள் "தங்கச்சிதான் உன் கேர்ள்பிரண்டாலா?" என்று உயிரை வாங்கினார்கள். கோயிலில் அத்தைமார் வேறு, "அண்ணனும் தங்கச்சியும் இப்படியா கட்டிப்பிடிச்சு ஆடறது?" என்று மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அம்மா அசரவில்லை. "கைய விடாதீங்க, மத்தத ஐஸ் பாத்துக்கும்" என்பார்.

பள்ளியில் ஐந்தாம் படிவத்துக்குப் போன ஆண்டு அண்ணன் சொல்லிவிட்டான்: "கேஎல் போட்டியோட நிறுத்திக்கிறேன்லா, போதும்." அவன் நிறுத்தினால் என் ஆட்டமும் முடிந்தது. ஜெயித்தால் மனம் மாறுவான் என்று நானாக நம்பிக்கொண்டேன்.

கோலாலம்பூர் போய் எங்கள் ஊர் வேலையைக் காட்டினோம். எந்த அடி தளத்தின் எந்த மூலையில் விழவேண்டும் என்று இந்த ஆட்டத்துக்கு விதி உண்டு. எங்கள் தளமோ முழுத் தளத்தில் பாதிகூட இருக்காது. அதனால் அம்மா ஒவ்வொரு வீச்சையும் சுருக்கித்தான் பழக்கியிருந்தார். கேஎல்லில் காலையில் ஒத்திகை பார்த்தபோது சரியாகத்தான் வந்தது. போட்டியில் பாட்டைப் போட்டதும் கால்கள் பழைய கணக்குக்கே போய்விட்டன. அவ்வளவு பெரிய தளத்தின் ஒரு மூலையிலேயே, இல்லாத சுவருக்குப் பயந்து திரும்பித் திரும்பி ஆடி முடித்தோம். கடைசி இடம். பார்த்தவர்கள் சிரித்தார்கள், பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

அப்புறம்தான் வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருத்தி அம்மாவைத் தேடி வந்தாள். ஆட்டம் குலைந்தபோதும் அண்ணன் என் பிடியை விடாமல் தாங்கியதை அவள் கவனித்திருந்தாள். அவளிடம் ஜோடி இல்லாமல் ஒரு பெண் காத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஜோடியாக அண்ணன் அவர்கள் நாட்டுக்கு வரவேண்டும். பெண்களுக்கு அவர்களிடம் பஞ்சமே இல்லை, ஆகவே நான் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணன், "நான்தான் நிறுத்தறேன்னு சொல்லிட்டேனே" என்றான். "ரெண்டு பேரும் போக முடியாட்டி ஒருத்தராச்சும் போகட்டும்" என்றார் அம்மா. வேண்டாம் என்கிறவனுக்குக் கிடைக்கிறது, உயிராக நினைத்தவளுக்கு இல்லையே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் நான்தான் சொன்னேன்: "போண்ணே. நம்ம வீட்ல யாராச்சும் ஒருத்தர் ஆடணும்ல." அவன் என்னைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினான்.

பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போட்டிகளில் ஆடினான், பதக்கமும் வாங்கினான். இப்போது அந்த நாட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். நான் சிம்பாங் அம்பாட் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஐஸ் தளத்தை மூடி வெகுநாளாகிறது. அந்த இடத்தில் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும் விளையாட்டுக்கூடம் வந்துவிட்டது.

போன கிறிஸ்மஸுக்கு அண்ணன் வந்திருந்தபோது, அந்தக் கூடத்துக்கு மேலே உட்கார்ந்து தே தாரிக் குடித்தோம். எத்தனையோ வருடம் நெஞ்சில் கிடந்ததை அன்றுதான் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு உன்மேல எவ்ளோ பொறாமை தெரியுமாண்ணே? இன்னும் போகல."

"தெரியும்லா" என்றான். கீழே குதிக்கும் பிள்ளைகளைப் பார்த்தபடியே சொன்னான்: "எனக்கு அது பிடிக்கவே இல்ல ரீத்தா. ஒரு நாள்கூட. நீ போன்னு சொன்னே, அதான் போனேன்."