காஜா பேராங்கில் மாமாவுக்கு ஓர் இலை

நடந்தவை இவை:

1. 1944-இல், வங்காளத்திலிருந்து பர்மாவுக்குக் குண்டு போடப் போன விமானம் ஒன்று திரும்பவில்லை. அதில் வயர்லெஸ் பார்த்தவர் என் தாய்மாமா.
2. ஜப்பானியர் போய் யுத்தம் முடிந்த பிறகுதான் ‘காணவில்லை’ என்று தந்தி வந்தது. பிறகு ‘இறந்ததாகக் கருதப்படுகிறது’ என்று ஒரு தாள்.
3. “கருதுறவங்க கருதட்டும். பார்த்தவங்க யாராவது சொல்லட்டும்,” என்று மாமாவின் மனைவி, என் அத்தை, கருமாதி செய்ய விடவில்லை.
4. மாமாவின் கடைசிக் கடிதத்தில், விமானத்தைத் தரையில் பழுது பார்க்கும் மெக்கானிக் மலாக்கா செட்டி, பெயர் கிருஷ்ணன் பிள்ளை, ஊர் காஜா பேராங் என்றிருந்தது. தபாலில் எங்கோ தேங்கிக் கிடந்த அக்கடிதம் போன மாதம்தான் என் கைக்கு வந்தது. அவ்வூர்க் கோயிலுக்கு எழுதினேன். “வரலாம்” என்று பிள்ளையிடமிருந்தே பதில் வந்தது.

மலாயா சுதந்திரம் பெற்றபின் வந்த முதல் போகியன்று, காலை ஏழேகாலுக்குச் சிரம்பானில் பஸ் ஏறினேன். மலாக்கா ஐம்பது மைல். அங்கிருந்து ஜாலான் பெண்டஹாரா வழியாகக் காஜா பேராங்குக்கு ரிக்‌ஷா அறுபது காசு. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்து பழகிய கை. கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தேன்.

பிள்ளைக்கு நாற்பது வயதிருக்கும். செட்டிகள் பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழர்; வீட்டில் பேசுவது மலாய். பேச்சு அதிலேயே நடந்தது; தமிழில் தருகிறேன். நோட்டைத் திறக்குமுன் அவர் மனைவி, “உள்ளே வா அடிக், சோறு ஆறுது,” என்றார். தங்கையை அழைப்பது போல.

பாயின்மேல் வாழை இலைகள். போகியன்று இறந்தவர்களுக்குப் படைப்பது அவர்கள் வழக்கம். அவரவருக்குப் பிடித்தது அவரவர் இலையில். கடைசி இலையில் பொரித்த மீனும், இறால் விழுதும் மிளகாயும் சேர்த்து இடித்த சம்பல் பெலாச்சானும் இருந்தன.

“அது உங்க மாமாவுக்கு,” என்றார் பிள்ளை. “பருப்பு தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சுன்னு அங்கே தினமும் புலம்புவான்.”

“கடைசியில அவர் பங்கையும் இவர்தான் தின்பார். வயித்தைப் பாரு!” என்றார் மனைவி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் உயிரோடு வைத்திருந்தவருக்கு இங்கே வருடந்தோறும் படையல்.

“உங்களுக்கு எப்படி உறுதியாகத் தெரியும்?”

“பெட்ரோல் நான்தான் ஊத்தினேன். எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியும். அந்த நேரம் தாண்டியும் நின்னேன். கூடப் போன விமானத்து ஆள் வந்து சொன்னான்: எரிஞ்சுக்கிட்டே கடல்ல விழுந்துச்சு, ஒருத்தரும் குதிக்கல. அதுக்கப்புறமும் விடியிறவரை நின்னேன்.”

“ஏன் எழுதவில்லை?”

“சிரம்பான்னு மட்டும்தான் சொல்லியிருந்தான், அடிக். சிரம்பான்ல யாருக்கு எழுதுறது?”

சாம்பிராணி காட்டினார்கள். நானும் கும்பிட்டேன். பிறகு மாமாவின் இலையை என் முன்னால் நகர்த்தி வைத்தார் பிள்ளை. நோட்டில் மற்ற கேள்விகள் அப்படியே நின்றன.

மாலை ஆறரைக்கு வீட்டில் இருந்தேன். அத்தையிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் ஒன்றுதான் கேட்டார்: “மீனை நல்லா முறுகலா பொரிச்சிருந்தாங்களா?”

ஆமாம் என்றேன்.

தை அமாவாசைக்குத் திதி கொடுக்க ஐயரிடம் சொல்லியாகிவிட்டது. அத்தை பொட்டை அழிக்கவில்லை. அழிக்கும்படி வீட்டில் யாரும் சொல்லவுமில்லை.