மாதா சப்பரமும் பல்பர் பெல்ட்டும்

சனி, ஞாயிறு மாலைகளில் ஏற்காட்டில் ஒரு லாட்ஜின் புல்தரையில் நாங்கள் நாலு பேர் ஜாஸ் வாசிக்கிறோம். டிரம்ஸ் என்னுடையது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், சேலை கட்டிய ஓர் அம்மா ஜாஸின் துள்ளல் தாளமான ஸ்விங் வாசிப்பதைக் கண்டுவிட்டு, எந்த ஊரில் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பார்கள். "இங்கதானுங்க" என்பேன். அதற்கு மேல் பேச வராது. எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினை ஓட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மாதா கோயில் பேண்டு செட்டுக்கு மாஸ்டரும் அவர்தான். முதலாளி பங்களாவில் கிறிஸ்துமஸுக்கு ஓடும் ஜாஸ் இசைத்தட்டுகளை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டே டிரம்பெட் பழகியவர். அந்தத் துள்ளலைப் பேண்டு ஆட்களுக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாராம். அவர்கள் கைகள் போலீஸ் பரேடு போல நேராகவே நடந்ததால் விட்டுவிட்டார்.

எனக்கோ அந்தச் சின்ன வயதிலேயே டிரம் மேல் பைத்தியம். பல்பர் ஷெட்டின் பின்னால் உட்கார்ந்து பிஸ்கட் டின்னில் அடிப்பேன். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, யாரும் திட்டவும் மாட்டார்கள். பல்பரின் பெல்ட் பழசு. அறுந்த இடத்தில் மாமா தோல் வைத்துத் தைத்திருந்தார். அந்தத் தையல் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் மெஷின் ஒரு விக்கல் விக்கும். டாங்... டடாங். டாங்... டடாங். நான் அதோடு சேர்ந்து அடித்தேன். எனக்குத் தாளம் என்றால் அதுதான்.

ஒரு வருடம் மாதா திருவிழாவுக்கு முந்தின நாள், சைடு டிரம் அடிக்கிறவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. நான் அடிக்கிறேன் என்று மாமாவிடம் கெஞ்சினேன். பெரிய டிரம்காரர் சிரித்தார்.

"ஏனுங்க மாஸ்டரே, பொட்டப்புள்ளையா? நாளைக்குச் சொதப்புனா, அம்மிணி மறுபடி டிரம் கட்டையத் தொடப்படாது. சரிங்களா?"

"சரிங்க" என்று மாமாவுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் சப்பரம் கிளம்பியது. மாதாவைச் சுற்றி சீரியல் பல்பு, கீழே அதற்கு ஒரு ஜீப் பேட்டரி, தோள் கொடுக்க நாலு பேர். சுமக்கிறவர்கள் எங்கள் டிரம் சத்தத்தைக் கேட்டுத்தான் கால் வைப்பார்கள். சமதரையில் மாமாவின் முகத்தையே பார்த்து நேராக அடித்துவிட்டேன். மேட்டுத் திருப்பத்தில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் போனார். எனக்குப் பயம் வந்தது. பயத்தில் கைக்குத் தெரிந்தது பல்பர் ஒன்றுதான்.

டாங்... டடாங்.

முதலில் முன்னால் சுமந்தவரின் இடுப்பு தாளத்துக்கு ஒடிந்து ஆடியது. பிறகு நாலு பேருக்கும் ஒடிந்தது. மாதா இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை அசைந்து அசைந்து மேடேறினாள். ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்த பெண்களின் தோள்களும் கூடவே அசைந்தன. ஊர்வலத்தை நடத்துகிற உபதேசியார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ மாஸ்டரே, மாதா ஆடுதுங்க! நிறுத்தச் சொல்லுங்க!"

"மேட்டுல நிறுத்துனா சப்பரம் சாஞ்சிருமுங்க!" என்று மாமா கத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். டிரம்பெட்டை வாயில் வைத்தார். என்னை நேர் தாளத்துக்கு இழுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ என் தாளத்துக்குள் இறங்கிவிட்டார். தெரிந்த மாதா பாட்டுத்தான், ஆனால் வழுக்கி, நெளிந்து, கண்ணடித்துக்கொண்டு வந்தது. பெரிய டிரம்காரரும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார்.

மாதா பத்திரமாகக் கோயில் சேர்ந்தாள். பாதர் இருமி இருமிச் சிரிப்பை விழுங்கினார். உபதேசியார் சிரிக்கவில்லை.

"அடுத்த வருசம் இந்த அம்மிணி வந்தா, பேண்டே வேண்டாமுங்க."

பெரிய டிரம்காரர் கை நீட்டினார். மாமா அவரை முந்திக்கொண்டு கட்டைகளை வாங்கித் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டார். வழியெல்லாம் நான் அழுதுகொண்டே நடந்தேன்.

மறுநாள் பல்பர் ஓடிக்கொண்டிருந்தபோது என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். கட்டைகளைக் கையில் வைத்தார்.

"நேத்து அடிச்சியே கண்ணு, அதை அடி."

விசாரணை என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். அவர் என்னைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் டிரம்பெட்டை எடுத்தார். அதிலிருந்து தினமும், காப்பிப் பழ வாசனையில், நாங்கள் மூன்று பேர் வாசித்தோம், பல்பரையும் சேர்த்து.

அந்த வாரமே சேலத்திலிருந்து புது பெல்ட் வந்தது. மாமா அதை ஆணியில் மாட்டினார். கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் வந்து சத்தம் போட்டார்.

"புதுசு தொங்குது, பழசு நொண்டுது. உனக்கு ஒடம்பு வணங்கலியா?"

"நாளைக்கு மாட்டிடறேனுங்க."

பழசு டாங்... டடாங் என்று விக்கி விக்கியே சீசன் முடிந்தது. புது பெல்ட் ஆணியிலேயே தூசி பிடித்துக் கிடந்தது. எங்கள் மாமா நொம்பச் சோம்பேறி என்று எல்லாரும் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்து டின் அடித்துக்கொண்டிருந்த நானும் அப்படித்தான் நம்பினேன்.