குலுக்கும் இயந்திரத்தோடு மோதிய எபிஃபானியா

எபிஃபானியா அத்தை ஏணியை எடுத்தாலே அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கின் செர்ரி மரங்கள் கிளையைத் தாழ்த்திக் கொடுக்கும். அவள் பறித்து முடிக்கும்வரை மலைப்பனிகூட உருகாமல் காத்திருக்கும். இதை அவளே சொல்வாள். நாங்கள் மறுப்பதில்லை. மறுத்தவனுக்கு மதியம் அவள் சுடும் தோர்த்தியா ரொட்டி கிடையாது.

மெக்சிகோவின் ஒஹாக்காவிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவள். வழியிலேயே புருஷன் கழன்றுகொண்டான். "போறவன் போகட்டும், ஏணிய பிடிக்க ஆளா இல்ல?" என்றாளாம்.

இந்தக் கோடையில் தோட்ட முதலாளி ஹாஸ், மரத்தைக் குலுக்கும் இயந்திரத்தை இறக்கினார். காம்பு தளர மரத்துக்கு முன்கூட்டியே மருந்து அடித்திருந்தார். இரும்புக் கை அடிமரத்தைப் பிடித்து உலுக்கியது. பழங்கள் காம்பில்லாமல் கீழே விரித்த துணியில் கொட்டின.

"பழம் வாங்குற கடைக்காரர் வந்து கையால பறிச்சது, இயந்திரம் உலுக்கினது, ரெண்டு பெட்டியையும் பார்ப்பார். இயந்திரத்தோடது நல்லா இருந்தா, அடுத்த வருஷம் உங்க கூட்டம் வேண்டாம்," என்றார் ஹாஸ்.

எங்கள் பதினெட்டுக் குடும்பங்களும் இந்தப் பழப் பறிப்பை நம்பித்தான் பிழைத்தன. அத்தையோ, "ஐயா, உங்க இரும்புக்கு வேர்வை வராது. அதுக்காக பயந்துடுவேன்னு நெனச்சீங்களா?" என்று ஏணியில் ஏறினாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. கடைக்காரரின் வண்டி வருவதற்குள் பத்துப் பதினைந்து நல்ல பழங்களைப் பறித்து, காம்பைப் பிடுங்கி, கட்டைவிரல் சாற்றில் சிவக்க நசுக்கி, இயந்திரத்தின் பெட்டியில் மேலாகவே கலந்துவிட்டேன்.

வண்டி வாசலில் திரும்பியது. தன் பெட்டியோடு வந்த அத்தை, பக்கத்திலிருந்த இயந்திரத்தின் பெட்டியையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் கலந்த பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். கொட்டைகளைத் துப்பினாள்.

"அத்தை, என்ன பண்றீங்க? அது அவங்க பெட்டி," என்றேன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்பாவியாக.

கடைசிப் பழத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"உலுக்கி விழுந்ததுக்கு காம்புக்குழி காஞ்சிருக்கும்டா, நாச்சோ. இதுல தோல் கிழிஞ்சு சாறு ஒழுகுது. எவனோ பிடுங்கியிருக்கான்."

"பறவையா இருக்கும்."

"பறவை பிடுங்கிட்டு பெட்டியில அடுக்குமா? தோத்தா நான் தோத்துட்டுப் போறேன்டா. ஒரு இரும்ப ஜெயிக்க எனக்குத் திருட்டுத்தனம் வேணும்னு நீ நெனச்சதுதான் கேவலம்."

கடைக்காரர் இறங்கி வந்துகொண்டிருந்தார். அத்தை தன் பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, அவரைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள்:

"பின்னாடி கட்டியிருக்கியே, அந்தக் கைய காட்டு."